ஆயிரம் ரூபாய்க்குள் செய்திமடல்: ஸ்பேமில் விழாமல் அனுப்பும் வழி

வெள்ளிக்கிழமை காலைதோறும் புத்தகங்களைப் பற்றி ஒரு மடலை மின்னஞ்சலில் அனுப்பிவருகிறேன். இப்போது 4,000 பேருக்குப் போகிறது. சின்னதாகப் பதிப்பகம் நடத்துபவர்கள், சிறுபத்திரிகை நண்பர்கள், மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒருவர் என்று பலரும் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான். மாதம் எவ்வளவு செலவாகிறது? ஸ்பேமுக்குப் போகாமல் இன்பாக்ஸுக்கு எப்படிப் போகிறது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்ததை ஒரே இடத்தில் முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் காசு கணக்கு. 4,000 பேர், மாதம் நான்கு மடல், ஆக 16,000 மின்னஞ்சல். மின்னஞ்சலை மொத்தமாக அனுப்பித் தரும் அமேசானின் எஸ்இஎஸ் சேவையில் ஆயிரம் மின்னஞ்சலுக்கு 10 சென்ட். அப்படியானால் 1.60 டாலர், ஜிஎஸ்டி சேர்த்தாலும் 200 ரூபாயைத் தாண்டாது. பட்டியலை வைத்துக்கொள்ளவும் மடலை எழுதி அனுப்பவும் லிஸ்ட்மங்க் என்ற இலவச மென்பொருள். அதை ஓட்ட மாதம் 6 டாலருக்குக் கிடைக்கும் ஒரு சின்ன சர்வர், அதாவது இணையத்தில் எப்போதும் ஓடும் வாடகைக் கணினி. இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்ளும் செய்திமடல் நிறுவனங்கள் பெரும்பாலும் பட்டியலில் இருக்கும் தலையை எண்ணிக் காசு வாங்குகின்றன, பட்டியல் வளர வளரக் கட்டணமும் ஏறும், நீங்கள் அந்த மாதம் ஒரு மடல்கூட அனுப்பாவிட்டாலும் பணம் போகும். எஸ்இஎஸ்ஸில் அனுப்பியதற்கு மட்டும்தான் காசு.

சர்வரை எல்லாம் தொடுவதற்குப் பயமாக இருக்கிறது, பட்டியலில் 300 பேருக்குள்தான் இருக்கிறார்கள் என்றால் இப்போதைக்கு இந்த வழி உங்களுக்கு வேண்டாம். பிரெவோ போன்ற சேவையில் தினமும் 300 மின்னஞ்சல் வரை இலவசம், அடியில் அவர்கள் பெயர் வரும், அவ்வளவுதான். அங்கே தொடங்கி, பட்டியல் பெருகியதும் இறக்கி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் கீழே டொமைன் என்ற சொந்த இணையப் பெயரைப் பற்றியும் பட்டியலைப் பற்றியும் மடலைப் பற்றியும் சொல்வதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

இரண்டு குறுக்குவழிகளை மட்டும் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். ஒன்று, சொந்த ஜிமெயிலில், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி எல்லோரையும் பிசிசியில் போட்டு அனுப்புவது. சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் எல்லை, அதைத் தாண்டினால் உங்கள் கணக்கே ஒரு நாள் முடங்கும். அதில் வங்கி மின்னஞ்சல்களும் வருகின்றன என்பதை யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, சர்வர்தான் வாங்கியாயிற்றே, மெயில் சர்வரையும் நாமே போட்டுக்கொள்ளலாம் என்பது. பல சர்வர் நிறுவனங்கள், மின்னஞ்சல் வெளியே போகும் வாசலான 25ஆம் போர்ட்டைத் திறந்தே விடுவதில்லை. திறந்தாலும், உங்களுக்கு முன் சர்வரின் இணைய எண்ணான அந்த ஐபி முகவரியில் யார் குடியிருந்து என்னென்ன அனுப்பினார்களோ, அந்தக் கெட்ட பெயர் உங்கள் தலையில் விழும். எஸ்இஎஸ் வழியாக அனுப்பும்போது இந்தத் தொல்லை நம்மிடம் வருவதில்லை.

பட்டியல்தான் முதல் வேலை

எந்த மென்பொருள் என்று கேட்கும் எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது, முகவரிகள் எங்கிருந்து வந்தன என்றுதான். ஸ்பேம் பிரச்சினையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு புத்தகக் காட்சியில் நண்பரின் அரங்கில் நீளமான நோட்டு ஒன்றை வைத்து, வருகிறவர்களிடம் பெயரும் மின்னஞ்சலும் எழுதி வாங்கினோம். 600 பேர் எழுதினார்கள். நோட்டு இரண்டு வருடம் பரணில் கிடந்தது. பிறகு மடல் தொடங்கிய உற்சாகத்தில் அதை எடுத்து, இரண்டு இரவு உட்கார்ந்து டைப் செய்து, 600 பேருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட்டேன். அது ‘யு’வா ‘வி’யா, பூஜ்யமா ‘ஓ’வா என்று கையெழுத்தில் தெரியாமல் நானாக ஊகித்த முகவரிகள் எத்தனையோ. 70க்கு மேல் பவுன்ஸ் ஆகித் திரும்பின. போய்ச் சேர்ந்தவர்களில் பலருக்கு அந்த நோட்டே நினைவில்லை, “நீங்கள் யார், என் முகவரி எப்படிக் கிடைத்தது?” என்று எட்டுப் பத்துப் பேர் பதில் போட்டார்கள். பதில் போடாதவர்கள் ஸ்பேம் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் அன்று மாலையே அப்போது நான் பயன்படுத்திய சேவை என் கணக்கை நிறுத்திவைத்துவிட்டது. அவர்கள் செய்தது சரிதான். இல்லாத முகவரிக்கும் கேட்காதவருக்கும் கூட்டமாக அனுப்புவதுதான் ஸ்பேம் என்பதன் பொருளே.

அதனால் இப்போது ஒரே விதி வைத்திருக்கிறேன். தானாக வந்து, முகவரியைத் தானே தட்டச்சு செய்து, அந்த முகவரிக்குப் போகும் உறுதி மடலில் இருக்கும் இணைப்பையும் அழுத்தியவர் மட்டுமே பட்டியலில். இதை டபுள் ஆப்ட்-இன் என்பார்கள். லிஸ்ட்மங்கில் பட்டியலை உருவாக்கும்போதே இதைத் தேர்ந்தெடுக்கலாம். பத்துப் பேர் பதிவு செய்தால் இரண்டு மூன்று பேர் உறுதி செய்யாமல் விட்டுவிடுவார்கள், வயிறு எரியும், விடுங்கள். அந்த உறுதி மடல் ஆங்கிலத்திலேயே போய்க்கொண்டிருந்தால் இழப்பு இன்னும் கூடும். தமிழ் மடல் கேட்டவருக்கு ஆங்கிலத்தில் ஏதோ ‘கன்ஃபர்ம்’ என்று வந்தால் மோசடி என்றுதான் நினைப்பார். “நீங்கள் கேட்ட வெள்ளிக்கிழமை மடல். கீழே ஒரு தடவை அழுத்தினால் வரத் தொடங்கும்” என்று இரண்டு வரி தமிழில் மாற்றி எழுதிவிடுங்கள்.

காசுக்கு விற்கும் பட்டியல்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அவற்றில் கண்ணி முகவரிகள் இருக்கும். மனிதர் யாரும் பயன்படுத்தாத, ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்காகவே வைத்திருக்கும் முகவரிகள் அவை. அவற்றுக்கு அனுப்பினால் ஸ்பேம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியல்களில் ஏற வாய்ப்பு உண்டு. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் அடிப்படையாக வைக்கிறது.

டொமைனும் மூன்று ரெக்கார்டுகளும்

அனுப்புநர் முகவரியில் ஜிமெயிலோ யாஹூவோ இருக்கக் கூடாது. சொந்த டொமைன் வேண்டும். ஜிமெயில் முகவரியைப் போட்டுக்கொண்டு வேறு சர்வர் வழியாக அனுப்பினால், ஜிமெயில் பெயரில் யாரோ பொய்யாக அனுப்புகிறார்கள் என்றுதான் எதிர்ப்பக்கம் எடுத்துக்கொள்ளும். டொமைனுக்கு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். மடல் அனுப்பும் வேலைக்கு மட்டும் டொமைனுக்குள்ளேயே ஒரு கிளைப் பெயரை, அதாவது சப்டொமைனை, பிரித்துக்கொள்வது நல்லது, அன்றாடக் கடிதப் போக்குவரத்தின் பெயர் இதனால் கெடாமல் இருக்கும்.

அடுத்து எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், மூன்றும் டிஎன்எஸ்ஸில், அதாவது உங்கள் டொமைனைப் பற்றிய தகவல்களை உலகுக்குச் சொல்லும் பதிவேட்டில், ஒட்டவேண்டிய வரிகள் (ரெக்கார்டுகள்), அவ்வளவுதான். எந்தெந்த சர்வர் என் பெயரில் மின்னஞ்சல் கொண்டுவரலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். ஒவ்வொரு மடல் மீதும் குத்தும் முத்திரை டிகிம், வழியில் யாராவது மடலை மாற்றியிருந்தால் முத்திரை பொருந்தாது. இரண்டில் ஒன்றுகூடப் பொருந்தாத மடல் என் பெயரில் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லிவைப்பது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்றும் கட்டாயம், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம், விலகச் சொன்னவரை இரண்டு நாளுக்குள் எடுத்துவிடவேண்டும். நீங்கள் 500 பேருக்குத்தான் அனுப்புகிறீர்கள் என்றாலும் எல்லாவற்றையும் செய்துவிடுங்கள். அரைமணி நேர வேலைக்கு ஏன் கஞ்சத்தனம்.

செய்முறை இப்படி. அமேசான் வெப் சர்வீசஸில் கணக்கு திறந்து, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைப் பூட்டு போட்டு, மும்பை ரீஜனைத் தேர்ந்தெடுத்து எஸ்இஎஸ் பக்கத்துக்குப் போங்கள். ‘ஐடென்டிட்டி’ என்ற இடத்தில் டொமைனைச் சேர்த்தால் டிகிமுக்காக சிநேம் என்ற வகையில் மூன்று ரெக்கார்டுகள் தரும். அதே பக்கத்தில் ‘கஸ்டம் மெயில் ஃப்ரம்’ என்று ஒன்று இருக்கும். அதையும் இயக்கினால் எம்எக்ஸ் வகையில் ஒன்று, டிஎக்ஸ்டி வகையில் ஒன்று என்று இரண்டு ரெக்கார்டு கிடைக்கும். எஸ்பிஎஃப் உங்கள் டொமைன் பெயரிலேயே பொருந்த இதுதான் வழி, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். டிமார்க்குக்கு ஒரே ஒரு டிஎக்ஸ்டி வரி. கொள்கையைத் தொடக்கத்தில் ‘நன்’ (எதுவும் செய்ய வேண்டாம்) என்று வைத்து, அறிக்கை வருவதற்கு ஒரு முகவரியைக் கொடுங்கள்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இரண்டு காரணம் சொல்கிறேன், பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். எஸ்இஎஸ் தரும் ரெக்கார்டு பெயரின் கடைசியில் உங்கள் டொமைன் பெயரும் சேர்ந்தே இருக்கும். பல டொமைன் விற்பனையாளர்களின் பக்கம் டொமைன் பெயரைத் தானாகவே பின்னால் ஒட்டிக்கொள்ளும். முழுதாகக் காப்பி செய்து போட்டால் பெயர் இரண்டு தடவை வந்து நிற்கும், எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் சரிபார்ப்பு நடக்காது. இரண்டாவது, டிஎன்எஸ்ஸைக் கிளவுட்ஃப்ளேர் சேவையில் வைத்திருந்தால் அந்த மூன்று சிநேம் ரெக்கார்டுகளுக்கும் பக்கத்தில் இருக்கும் ஆரஞ்சு மேகத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றவேண்டும். ஏற்கெனவே அலுவலக மின்னஞ்சலுக்காக எஸ்பிஎஃப் வரி இருக்கும் அதே பெயரில் இரண்டாவது எஸ்பிஎஃப் வரி போடக் கூடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஒரு பெயருக்கு ஒரே வரிதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது.

எஸ்இஎஸ்ஸில் அனுமதி வாங்குவது

புதுக் கணக்கு சாண்ட்பாக்ஸ் என்ற சோதனை வேலிக்குள் இருக்கும். 24 மணி நேரத்தில் 200 மடல், அதுவும் நீங்கள் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். வெளியே வர ஒரு விண்ணப்பம் எழுதவேண்டும். “நியூஸ்லெட்டர் அனுப்புவதற்கு” என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் மறுத்துவிட வாய்ப்பு அதிகம். எதைப் பற்றிய மடல், வாரத்துக்கு எத்தனை, முகவரிகளை எப்படிப் பெறுகிறீர்கள், உறுதி மடல் உண்டா, பவுன்ஸ் ஆனவற்றையும் புகார் செய்தவர்களையும் எப்படி நீக்குகிறீர்கள், விலகும் இணைப்பு எங்கே இருக்கிறது என்று பத்துப் பன்னிரண்டு வரியில் உண்மையை எழுதுங்கள். பதிவுப் படிவம் இருக்கும் பக்கத்தின் முகவரியையும் கொடுங்கள். பட்டியலைச் சரியாகச் சேர்த்திருந்தால் இந்தக் கடிதம் எழுதக் கஷ்டமே இருக்காது.

உள்ளே வந்தபின் நினைவில் வைக்கவேண்டிய எல்லைகள்: பவுன்ஸ் 5 சதவீதத்துக்குக் கீழே, புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழே. பவுன்ஸ் 10 சதவீதத்தையோ புகார் 0.5 சதவீதத்தையோ எட்டினால் அனுப்புவதையே நிறுத்திவைக்கலாம். என் பழைய நோட்டின் 600 முகவரிகள் எங்கே நின்றிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

லிஸ்ட்மங்க்

இதை உருவாக்கியவர் கைலாஷ் நாத், பெங்களூருவின் ஜெரோதா பங்கு வணிக நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர். தங்கள் வாடிக்கையாளர்களுக்கு லட்சக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பவேண்டிய தேவையிலிருந்து பிறந்த மென்பொருள், எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். டாக்கர் என்ற நிறுவும் கருவி வழியாக, போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்துடன் சேர்த்து நிறுவப் பதினைந்து நிமிடம் போதும், அதற்கான கட்டளைகள் அவர்களின் ஆவணத்திலேயே இருப்பதால் இங்கே திரும்ப எழுதவில்லை.

நிறுவியபின், மடல்களை எந்தச் சேவை வழியாக அனுப்புவது என்று சொல்லும் எஸ்எம்டிபி அமைப்புக்குப் போய் எஸ்இஎஸ் விவரத்தைக் கொடுக்கவேண்டும். அமேசான் கணக்கின் ரகசியச் சாவியை அப்படியே இங்கே போட்டால் வேலை செய்யாது. எஸ்இஎஸ் பக்கத்தில் எஸ்எம்டிபிக்கென்று தனியாக ஒரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கிக்கொள்ளவேண்டும். போர்ட் 587. இந்தக் கடவுச்சொல்லை ஸ்கிரீன்ஷாட்டிலோ, நிரல்களைப் பொதுவில் பகிரும் கிட்ஹப் தளத்திலோ விட்டுவிடாதீர்கள், கையில் கிடைத்தவர் உங்கள் பெயரில் உலகத்துக்கே குப்பை அனுப்புவார், பில்லும் உங்களுக்குத்தான் வரும்.

அப்புறம் இரண்டு அமைப்புகள். பிரைவசி பகுதியில், விலகுவதற்கான தலைப்பு வரியை மடலோடு சேர்க்கும் தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ‘அன்சப்ஸ்கிரைப்’ என்று தெரிவது இதனால்தான். பவுன்ஸ் பகுதியை இயக்கி, எஸ்இஎஸ் தரும் தகவல், அமேசானின் அறிவிப்புச் சேவையான எஸ்என்எஸ் வழியாக லிஸ்ட்மங்குக்கு வந்துசேரும்படி இணைத்துவிடுங்கள். செத்த முகவரிகள் தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும்.

மடலைத் தயாரிப்பது

தமிழில் எழுதும் நமக்கென்று இங்கே சில தனிக் கவலைகள் உண்டு. மடலின் எச்டிஎம்எல், அதாவது எழுத்தும் வடிவமைப்புக் குறிகளும் சேர்ந்த கோப்பு, 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் நடுவில் வெட்டிவிட்டு, மீதியைப் பார்க்க ஓர் இணைப்பை வைக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ‘க’வுக்கே 3 பைட், ‘கோ’ என்றால் 6. ஆக 2,000 சொல் கட்டுரை ஒன்று 50 கேபிக்கு மேல் போய்விடும், அதன்மேல் டெம்பிளேட்டின் ஸ்டைல்களும் நீளமான இணைப்புகளும் ஏறினால் வெட்டு விழுவதற்கு ரொம்ப தூரம் இல்லை. ஒருமுறை நீண்ட நேர்காணலை முழுதாக அனுப்பி இப்படி மாட்டினேன். கட்டுரை வெட்டுப்பட்டதுகூடப் பரவாயில்லை, அடியில் இருந்த விலகும் இணைப்பும் சேர்ந்து மறைந்துபோனது. விலக நினைத்தவர் தேடிப் பார்த்துவிட்டு மேலே கண்ணெதிரே இருக்கும் ஸ்பேம் பட்டனைத்தான் அழுத்துவார். அன்றிலிருந்து நீளமானவற்றுக்கு முதல் மூன்று பத்தியும் ‘மேலும் படிக்க’ இணைப்பும்தான். விலகும் இணைப்பை மேலேயும் ஒன்று சின்ன எழுத்தில் வைத்துவிட்டேன்.

தமிழ் எழுத்துரு எல்லோருடைய கணினியிலும் தெரியாத காலத்திலிருந்து, முழு மடலையும் ஒரே படமாக்கி அனுப்பும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. விழா அழைப்பிதழ், நூல் வெளியீடு எல்லாம் இப்படித்தான் வருகின்றன. வெறும் படத்தில் ஸ்பேம் வடிகட்டிக்குப் படிக்க ஒன்றும் இல்லை, ஸ்பேம் அனுப்புகிறவர்களும் இதே உத்தியைப் பயன்படுத்துவதால் சந்தேகம் கூடும். எழுத்தை எழுத்தாகவே அனுப்புங்கள். யூனிகோடு தமிழ் இன்று எல்லாக் கைபேசியிலும் தெரிகிறது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டுவதாக இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டவும், இல்லாவிட்டால் எதிரே இருப்பவருக்கு ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். வரி இடைவெளியை 1.6 மடங்காவது வையுங்கள், கொம்பும் சுழியும் மேல்வரியோடு இடிக்காது.

தலைப்பு வரியில் முக்கியமான சொல் முதல் நான்கு சொற்களுக்குள் வந்துவிடவேண்டும், தமிழ் எழுத்து அகலம் என்பதால் கைபேசியில் அதற்குமேல் இடமில்லை. முகவரியைச் சுருக்கித் தரும் இணைப்புகள் வேண்டாம், முழு முகவரியே கொடுங்கள். பதில் போடமுடியாத ‘நோ-ரிப்ளை’ முகவரியிலிருந்து அனுப்பாதீர்கள். வாசகர் பதில் எழுதும் அனுப்புநர் வேண்டப்பட்டவர் என்று மெயில் நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. என் வரவேற்பு மடலில், கடைசியாகப் படித்த புத்தகத்தின் பெயரை மட்டும் பதிலாக எழுதச் சொல்கிறேன், பாதிப் பேராவது எழுதுகிறார்கள். எனக்கும் வாசகர் யார் என்று தெரிகிறது.

அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

முதலில் உங்கள் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ அழுத்திப் பாருங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்று இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் அனுப்பாமல் மேலே டிஎன்எஸ் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். மெயில்-டெஸ்டர் தளத்துக்கும் ஒன்று அனுப்பினால் பத்துக்கு மதிப்பெண் போட்டு எது குறை என்று சொல்லும்.

புது டொமைனிலிருந்து முதல் நாளே 4,000 மடல் போகக் கூடாது. உங்களை நன்றாகத் தெரிந்த, நிச்சயம் திறந்து படிக்கும் 100 பேருக்கு முதல் வாரம். அடுத்த வாரம் 250, பிறகு 600 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், பொறுமையாக இருங்கள். லிஸ்ட்மங்கில் நொடிக்கு எத்தனை என்று வேகத்தையும் குறைத்துவைக்கலாம்.

அப்புறம் உங்கள் மடல்களை ஜிமெயில் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் டொமைனைச் சேர்த்துவிடுங்கள். எஸ்இஎஸ் காட்டும் புகார் கணக்கு பூஜ்யமாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் யார் ஸ்பேம் அழுத்தினார்கள் என்பதை ஜிமெயில் எஸ்இஎஸ்ஸுக்குத் தெரிவிப்பதில்லை. நம் வாசகர்களில் பெரும்பாலோர் ஜிமெயில்தான் வைத்திருக்கிறார்கள். போதிய எண்ணிக்கையில் அனுப்பினால்தான் போஸ்ட்மாஸ்டரில் எண்கள் தெரியும், சிறிய பட்டியலுக்குக் காலியாக இருக்கும். தெரியத் தொடங்கியதும் ஸ்பேம் விகிதத்தைப் பாருங்கள்: 0.1 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், 0.3 சதவீதத்தை எட்டவே கூடாது என்கிறது கூகுள். அதாவது ஆயிரம் பேரில் ஒருவர் அழுத்தினாலே முதல் கோடு. மூவர் அழுத்தினால் ஆபத்து.

யார் திறந்தார்கள் என்ற கணக்கை ரொம்ப நம்பாதீர்கள். 2021இலிருந்து ஆப்பிள் மெயில் படங்களை முன்கூட்டியே இறக்கிவைப்பதால் திறக்காதவரும் திறந்ததாகத் தெரிகிறார், படங்களை மறைத்து வைத்திருப்பவர் படித்தாலும் கணக்கில் வருவதில்லை. அதனால் ஆறு மாதமாக எந்த இணைப்பையும் அழுத்தாதவர்களுக்கு நான் ஒரே ஒரு மடல் அனுப்புகிறேன். “இன்னும் வரட்டுமா?” என்பது தலைப்பு, உள்ளே ஆம் என்று ஓர் இணைப்பு. இரண்டு வாரம் காத்திருந்து, அழுத்தாதவர்களை எடுத்துவிடுகிறேன். சென்றமுறை 310 பேர் போனார்கள். ஒருவர் மட்டும் மூன்று மாதம் கழித்து, மடல் ஏன் நின்றுவிட்டது என்று எழுதிக் கேட்டார், பதிவுப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினேன், அன்றைக்கே திரும்பச் சேர்ந்துகொண்டார்.